அலுமினியமா, ஸ்டீலா? சிலிண்டர் மாறினால் ஈயமும் மாற வேண்டும்

அந்தமானில் டைவிங் போனால் முதுகில் ஏறுவது பெரும்பாலும் அலுமினியம் 80 என்ற காற்றுச் சிலிண்டர். மால்டாவில் 12 லிட்டர் ஸ்டீல் சிலிண்டர்தான் சகஜம். அந்தமானில் 3 மி.மீ. வெட்சூட்டுக்கு (மிதக்கவைக்கும் ரப்பர் உடை) சரியாக இருந்த, மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் 6 கிலோ ஈயத்தை அப்படியே கட்டிக்கொண்டு ஸ்டீலோடு இறங்கினால், ஏறக்குறைய 3 கிலோ கூடுதல்.

தரையில் தூக்கிப் பார்த்தால் இது பிடிபடாது. காலி சிலிண்டர் இரண்டுமே சுமார் 14 கிலோதான். ஆனால் அலுமினியத்துக்கு ஸ்டீலின் உறுதி கிடையாது. அதனால் சுவர் தடிமனாக இருக்கும். உள்கொள்ளளவு 11.1 லிட்டர், சுவர் மட்டும் 5 லிட்டருக்கு மேல். ஆக 16 லிட்டருக்கும் கூடுதலான நீரை அது விலக்குகிறது. ஸ்டீல் சுவரின் கனஅளவு 2 லிட்டர்கூட வராது. விலக்கும் நீர் மொத்தம் 14 லிட்டருக்குள். மிதப்பு வித்தியாசம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

வால்வையும் சேர்த்தால், நிரம்பிய அலுமினியம் கடல்நீரில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையோடு மூழ்கும். காலியானதும் 2 கிலோ அளவுக்கு மிதக்கும். 232 பார் அழுத்தத்துக்கு நிரப்பும் ஸ்டீல் நிரம்பியிருக்கும்போது 4 கிலோ, காலியிலும் ஒரு கிலோ மூழ்கும். மாடலைப் பொறுத்து இது ஒரு கிலோ வரை மாறலாம். சிலிண்டரின் தோளில் (வால்வுக்குக் கீழே வளைந்த பகுதி) பொறித்திருக்கும் எடையையும் கொள்ளளவையும் வாடகைக்கு எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

ஈயத்தைக் குறைக்காமல் ஸ்டீலுக்குப் போனால் அந்த 3 கிலோவைத் தாங்க பிசிடியில் (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) 3 லிட்டர் காற்று கூடுதலாகத் தேவை. 20 மீட்டரில் நிரப்பிய அந்த 3 லிட்டர், 5 மீட்டருக்கு வரும்போது 6 லிட்டராக விரியும். வழியில் வெளியேற்றத் தவறினால் மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். அதிக ஈயம் கட்டியவர்தான் கட்டுப்பாடில்லாமல் மேலேறுவார் என்பது புதியவர்கள் பலருக்கு நம்பமுடியாத செய்தி.

ஸ்டீலிலிருந்து அலுமினியத்துக்கு மாறுவது இதைவிடத் தந்திரமானது. ஈயத்தைக் கூட்டாவிட்டாலும் ஆரம்பத்தில் மூச்சை முழுதாக விட்டால் எப்படியோ இறங்கிவிடலாம். ஆழத்தில் வெட்சூட் நசுங்கி மிதப்பு குறைந்ததும் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். சுவாசித்த காற்றின் எடை 2 கிலோ போனபின், மேலேறும் வழியில் 5 மீட்டரில் சில நிமிடம் தங்கும் சேஃப்டி ஸ்டாப்பில் நிற்கவே முடியாது.

அதனால் எந்தச் சிலிண்டரானாலும் சோதனையை டைவின் முடிவில், சிலிண்டரில் 50 பார் காற்று மிஞ்சியிருக்கும்போது செய்யுங்கள். பிசிடியைக் காலிசெய்து, இயல்பான மூச்சைப் பிடித்து அசையாமல் நின்றால் நீர்மட்டம் கண்ணளவில் இருக்க வேண்டும். மூச்சை விட்டதும் மெதுவாக மூழ்க வேண்டும். நிரம்பிய சிலிண்டரோடுதான் பார்க்க முடியுமென்றால், சரியாக வந்த எடையோடு அலுமினியத்துக்கு 2 கிலோ, ஸ்டீலுக்கு இரண்டரை கிலோ சேர்க்கவும்.

சிலிண்டரை பிசிடியோடு கட்டும் பட்டையை மறந்துவிடாதீர்கள். அலுமினியம் 80-இன் விட்டம் 184 மி.மீ.; நீளமான ஸ்டீல் 12-க்கு 171 மி.மீ. சுற்றளவில் 4 செ.மீ. குறைவதால், பழைய அளவிலேயே பக்கிளை மாட்டினால் சிலிண்டர் வழுக்கி இறங்கும். பட்டையை நனைத்துவிட்டு இறுக்குங்கள். காய்ந்த பட்டை தண்ணீருக்குள் தளரும்.

காற்று குறையக் குறைய அலுமினியத்தின் அடிப்பக்கம் மேலே எழும்பும். கீழ்ப்பட்டையில் ஒரு கிலோ ஈயம் மாட்டினால் அடங்கும். ஸ்டீலில் எடை இடுப்பிலிருந்து முதுகுக்கு ஏறிவிடுவதால் தலை தாழ்வதுண்டு. சிலிண்டரை இரண்டு மூன்று செ.மீ. கீழே இறக்கிக் கட்டிப் பாருங்கள்.

5 அல்லது 7 மி.மீ. சூட்டுக்கு ஸ்டீல்தான் நல்லது: இடுப்பு ஈயம் குறையும், படகில் தூக்கும் சுமையும் குறையும். வெதுவெதுப்பான நீரில் 3 மி.மீ. சூட்டோடு போகிறவருக்கு அலுமினியமே போதும். மெல்லிய சூட், ஸ்டீல் சிலிண்டர், அதோடு இரண்டரை மூன்று கிலோ ஸ்டீல் பேக்பிளேட் (முதுகுத் தகடு) என்று மூன்றும் சேர்ந்தால் கழற்றி விட ஈயமே மிஞ்சாது. ஆழத்தில் பிசிடி கிழிந்தால் 4 கிலோவுக்கும் மேல் இழுக்கும் சிலிண்டரையும் பிளேட்டையும் காலில் மாட்டிய துடுப்பை உதைத்தே மேலே கொண்டுவர வேண்டும். அப்படி அமைக்கும்போது பிளேட்டை அலுமினியமாக்கி, குறையும் எடையைக் கழற்றக்கூடிய ஈயமாக பாக்கெட்டில் வையுங்கள்.