தகடா, ஜாக்கெட்டா? ராமநாதபுரம் கடலில் சில ஆண்டுகள்

முதுகுக்கு ஓர் எஃகுத் தகடு. அதற்கும் சிலிண்டருக்கும் நடுவில் வளையம் போன்ற ஒரு காற்றுப்பை. உடம்பைச் சுற்றி, எங்கும் வெட்டுப்படாத ஒரே நாடா. சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தர வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டருக்கு ஏழடி நீளக் குழாய். இன்னொரு ரெகுலேட்டர் ரப்பர் கயிற்றில் கோத்துக் கழுத்தடியில் தொங்கும். மண்டபத்துக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட கடலில் சில ஆண்டுகளாக நான் ஸ்கூபா முக்குளிக்க இறங்குவது இந்தத் தொகுப்போடுதான். அதற்கு முன்னால் எல்லோரையும் போல, காற்றுப்பையை உள்ளேயே வைத்துத் தைத்த மிதவை ஜாக்கெட். அந்த ஜாக்கெட்டை இன்னும் விற்கவில்லை.

"எது நல்லது அண்ணே?" என்று கேட்டு வரும் இளைஞர்களுக்குக் கருவியைப் பற்றிய கவலை பாதிதான். நான் எந்தக் கட்சி என்று தெரிந்துகொள்வதே மீதி. தகடு மாட்டியவர்கள் ஜாக்கெட்காரர்களைப் 'பஞ்சு மெத்தை' என்கிறார்கள். ஜாக்கெட்காரர்கள் பதிலுக்கு இவர்களைக் 'குகை இல்லாத குகைவாசிகள்' என்கிறார்கள். இரண்டும் நல்ல பெயர்கள்தான், சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரே வல்லத்தில் (சிறு படகில்) ஏறும் நான்கு பேர் இரண்டிரண்டாகப் பிரிந்து உட்கார்ந்து, எதிர் வரிசையில் இருப்பவரின் கருவியை ஏறெடுத்தும் பார்க்காமல் கடலில் விழும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இந்தச் சண்டை நம் கடலில் பிறந்ததும் இல்லை; தகடும் நீளக் குழாயும் குகை முக்குளிப்பிலிருந்து வந்தவை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சுண்ணாம்புப் பாறைக்குள் நீர் நிரம்பிய குகைகள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. தலைக்கு மேல் பாறை இருப்பதால், ஆபத்து என்றால் மேலே எழுந்து தப்ப முடியாது. ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் மற்றவரின் சிலிண்டரிலிருந்து இருவரும் மூச்சு வாங்கியபடி, ஒருவர் பின் ஒருவராக இடுக்கு வழியே வெளியேற வேண்டும். ஏழடிக் குழாயின் வேலை அதுதான். பில் மெயின் என்ற குகை முக்குளிப்பாளர் தேவையில்லாததை எல்லாம் கழற்றிப் போட்டு அமைத்த ஒழுங்கு, அவருடைய நடுப்பெயரை வைத்து 'ஹோகார்த்தியன்' என்று அழைக்கப்பட்டது. 1990களில் வக்குல்லா ஊற்றுக் குகைகளை ஆராய்ந்த உட்வில் கார்ஸ்ட் பிளெய்ன் புராஜெக்ட் குழுவினர் அதை 'டூயிங் இட் ரைட்' என்ற முழுக் கோட்பாடாக வளர்த்தார்கள். குழுவில் எல்லோருக்கும் ஒரே கருவி, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே இடம், ஒரே சைகை. அந்தக் குழுவை வழிநடத்திய ஜார்ஜ் இர்வின், இதற்கு வெளியே நின்றவர்களை 'ஸ்ட்ரோக்' என்று ஏசினார். அப்படிப்பட்டவர்களோடு இறங்கவே கூடாது என்பது முதல் விதியாக ஓதப்பட்டது. அதே குழுவிலிருந்து வந்த ஜாரட் ஜப்லான்ஸ்கி 1998இல் குளோபல் அண்டர்வாட்டர் எக்ஸ்புளோரர்ஸ் என்ற பயிற்சி அமைப்பைத் தொடங்கினார். மறுகரையில் இருப்பது 1966இல் தொடங்கிய பி.ஏ.டி.ஐ. போன்ற பெரிய அமைப்புகள்; சில நாள் பயிற்சியில் சாதாரண மனிதரும் கடலுக்குள் போகலாம் என்பது அவர்கள் வழி. உலகம் முழுவதும் பெரும்பாலானவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான். நானும்தான்.

நம் கடலில் அப்படிப்பட்ட குகை எதுவும் இல்லை. ஆழமும் இல்லை. வடகடலான பாக் விரிகுடாப் பக்கம் பெரும்பாலும் பத்து மீட்டரை ஒட்டிய ஆழம்தான், அடியில் சேறும் கடற்புல்லும். தென்கடலான மன்னார் வளைகுடாவில் பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக இருக்கும் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. அவற்றைச் சுற்றிய பவளப் பார்களில் (பவளத் திட்டுகளில்) பலவும் ஓர் ஆள் ஆழத்திலோ இரண்டு ஆள் ஆழத்திலோ முடிந்துவிடும். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே போகவும் முடியாது. பாரில் சிக்கிய பழைய வலைகளை எடுக்கும் பணிக்கு அனுமதி கிடைக்கும் நாட்களில் மட்டும் போகிறோம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகிழக்குக் காற்று வந்ததும் வடகடல் கலங்கும். தெளிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போவதுதான் எங்கள் பிழைப்பு.

இவ்வளவு ஆழமில்லாத கடலுக்குக் குகைக் கருவி எதற்கு என்று கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பயன்படுத்திய பிறகு கிடைத்த விடை, குழாய்க்கும் தகட்டுக்கும் தொடர்பில்லாத இடத்திலிருந்து வந்தது.

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தைப்போல இரண்டு மடங்கு. அங்கிருந்து மேலே வரும்போது ஜாக்கெட்டில் இருக்கும் காற்று இரண்டு மடங்காக ஊதும். முப்பது மீட்டரிலிருந்து இருபதுக்கு வந்தாலும் அதே பத்து மீட்டர்தான், ஆனால் அங்கே மூன்றில் ஒரு பங்குதான் கூடும். அதாவது மிதப்பைக் கட்டுப்படுத்துவது கடினமாவது ஆழத்தில் அன்று, நம்முடையதைப் போன்ற கடலில்தான். ஒரு மூச்சை அதிகமாக இழுத்தாலே மூன்று மீட்டரில் இருப்பவர் மேலே மிதந்துவிடுவார். விட்டால் மான்கொம்புப் பவளத்தின் மேல் உட்காருவார். 2010லும் 2016லும் கடல் சூடேறி வெளிறிப்போன பவளங்கள் இவை. நம் முழங்காலையும் சேர்த்துத் தாங்க அவற்றுக்குத் தெம்பில்லை. நுரையீரலில் காற்றை அடக்கிக்கொண்டு எழுவதன் ஆபத்தும் மேல் மீட்டர்களில்தான் மிக அதிகம்.

'டூயிங் இட் ரைட்' போன்ற கண்டிப்பான பள்ளியின் பயிற்சி இங்கேதான் கொடுத்த பணத்துக்கு ஈடாகும். உடம்பைப் படுக்கைவாட்டில் வைப்பது, தவளைபோல் காலை மடக்கி உதைத்து நீரைப் பின்னுக்குத் தள்ளுவது, திரும்பாமலே பின்பக்கமாக நகர்வது, ஒரே ஆழத்தில் அசையாமல் இருந்தபடி கண்ணாடியைக் கழற்றி மாட்டுவது. இவற்றைச் சலிக்கச் சலிக்கச் செய்ய வைப்பார்கள். விரைவுப் பயிற்சியில் இதே வேலைகளை அடியில் மண்டியிட்டபடி செய்து பயிற்சிச் சான்று கார்டு வாங்கியவர்கள் நிறையப் பேர். வடகடலில் மண்டியிட்டால் சேறு எழும்பும், அதன்பிறகு தன் கையே தனக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பயிற்சிக்கும் தகட்டுக்கும் முடிச்சுப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய ஜாக்கெட்டில், அடியில் ஒரு கைப்பிடிச் சேறுகூடக் கலங்காமல் போகிற ஒருவரை எனக்குத் தெரியும். ஏழடிக் குழாயோடு பாரில் உழுதுகொண்டு போகிறவர்களையும் தெரியும்.

இனி கருவி. இங்கே புழங்கும் அலுமினிய சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது கடலில் அமிழும், காலியானால் ஏறக்குறைய இரண்டு கிலோ அளவுக்கு மேலே இழுக்கும். ஆழமற்ற கடலில் இது பெரிய தொல்லை, ஏனென்றால் காற்று குறையும் நேரத்தில்தான் நாம் பாருக்கு மேலே மெதுவாக நகர்ந்துகொண்டிருப்போம். எஃகுத் தகடு முதுகோடு ஒட்டியிருப்பதால் அந்த இழுப்பைச் சமன் செய்கிறது, இடுப்பில் கட்டும் ஈயம் குறைகிறது, கால் தொங்குவதும் குறைகிறது. வெறும் மெல்லிய மேலாடையோடு இறங்கும் சித்திரை, வைகாசியில் எனக்கு அந்த எடையே அதிகம். அலுமினியத் தகடு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

கழுவும் வேலையில் தகடுதான் ஜெயித்தது. ராமநாதபுரத்தில் நல்ல தண்ணீரின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடம் கணக்கில் வாங்கும் தண்ணீரை ஸ்கூபா கருவி கழுவக் கொட்டினால் வீட்டில் யார் பேச்சு வாங்குவது? பஞ்சும் பைகளும் வைத்துத் தைத்த ஜாக்கெட் உப்பு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எவ்வளவு ஊற்றினாலும் போதாது. தகட்டையும் நாடாவையும் அரை வாளித் தண்ணீரில் முடித்துவிடலாம். காற்றுப்பைக்குள் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கி வடிப்பது தனி. கழுத்து ரப்பர் கயிறு மட்டும் வெயிலில் விரிசல் விட்டு அடிக்கடி போகிறது, மாற்றுவது சில நிமிட வேலை. கால் இடுக்கு நாடா தேய்ந்தபோது ராமநாதபுரத்தில் பள்ளிப் பை தைக்கிறவரிடம் கொடுத்தேன். ஒன்றும் கேட்காமல், மூலத்தைவிட உறுதியாகத் தைத்துத் தந்தார். ஜாக்கெட்டின் பிளாஸ்டிக் கொக்கி உடைந்தால் அந்த வசதி கிடையாது. திருகுமுறை வால்வுக்கான ரெகுலேட்டர்தான் தகடு கட்சியின் மரபு. எனக்குக் கிடைக்கும் சிலிண்டர்களில் பெரும்பாலானவை கவ்வி மாட்டும் வகை. ஆகவே எப்போதும் ஓர் இணைப்புத் துண்டு என் பையில் இருக்கும்.

வல்லத்தில் ஏறுவதில் தகடு படுதோல்வி. நம் ஃபைபர் வல்லங்களில் ஏணி இருப்பது அபூர்வம். கருவியைத் தண்ணீரிலேயே கழற்றி மேலே கொடுத்துவிட்டு, விளிம்பைப் பிடித்துக் காலை உதைத்து ஏற வேண்டும். ஜாக்கெட் என்றால் தோளில் இரண்டு கொக்கி, மார்பில் ஒன்று, இடுப்பில் ஒன்று, பட்பட்டென்று விட்டுவிடலாம். வெட்டில்லாத நாடாவில் இடுப்புக் கொக்கியை விட்டு, கால் நாடாவை உருவி, நெளிந்து நெளிந்து ஒரு தோளை வெளியே எடுக்க வேண்டும், அலையும் சேர்ந்து முகத்தில் அறையும். எங்களைக் கூட்டிப்போகும் கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) இளவயதில் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர். ஒரு நாள் நான் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தம்பி, நீங்கள் இதைக் கழற்றி முடிப்பதற்குள் நான் இறங்கி இரண்டு சங்கு எடுத்து வந்துவிடுவேன்" என்றார். "காக்கா, இது பாதுகாப்புக்காக" என்றேன். "அப்படியா? யாருடைய பாதுகாப்புக்கு?" என்று கேட்டுவிட்டு எஞ்சினைத் தட்டினார். தோளில் ஒரு கொக்கி வைத்துக்கொண்டால் கோட்பாட்டுக் குற்றம் என்பார்கள். வைத்துக்கொண்டேன். அதன்பின் தகடு கட்சியில் என் உறுப்பினர் அட்டை ரத்தாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

நீளக் குழாய்க்கு வருகிறேன். நம் கடலில் அதற்கு இருக்கும் நல்ல பயன், காற்றைப் பகிரும்போது இருவரும் முட்டிக்கொள்ளாமல் அருகருகே நீந்தி வல்லம் வரை வர முடிவது. நீரோட்டம் இழுக்கும் நாளில் இது சாதாரண வசதி இல்லை. ஒழுங்காக உடம்பைச் சுற்றிச் செருகியிருந்தால் வலையில் மாட்டாது. செருகல் நழுவினால் மாட்டும், எனக்கு மாட்டியிருக்கிறது. வெட்டும் கத்தி இடுப்பு நாடாவில் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் கதை அங்கேயே முடிந்தது. வலை எடுக்கும் வேலைக்கு ஐந்தடிக் குழாய் போதும் என்பது என் முடிவு. அதற்கும் இரு தரப்பிலும் ஆதரவு இல்லை.

பட்டப்பெயர்கள் எங்கே கடிக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தது ஒரு வலை எடுப்பின்போதுதான். தகடுக்காரர் ஒருவரும் ஜாக்கெட்காரர் ஒருவரும் இணையாக இறங்கினார்கள். வல்லத்தில் இருவரும் ஒருவர் கருவியை ஒருவர் பார்க்கவில்லை. கேட்டால் மற்றவர் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார் என்ற பயம் இருவருக்கும். ஆறு மீட்டரில் ஜாக்கெட்காரருக்குக் காற்று வற்றியது. அவர் கற்றது, இணையின் மார்பில் தொங்கும் மஞ்சள் ஆக்டோபஸை, அதாவது உபரி ரெகுலேட்டரை, எடுப்பது. கை போன இடத்தில் மஞ்சளாக எதுவும் இல்லை. தகடுக்காரர் கற்றது, தன் வாயில் இருப்பதைக் கொடுத்துவிட்டுக் கழுத்தில் தொங்குவதைத் தான் எடுத்துக்கொள்வது. நீட்டினார். மற்றவரோ, இவருக்கும் ஏதோ ஆகிவிட்டது, வாயிலிருந்து கழன்றுவிட்டது என்று நினைத்து அதை அவர் முகத்துக்கே திருப்பித் தள்ளினார். ஆறு மீட்டர்தான் என்பதால் மூச்சை விட்டுக்கொண்டே இருவரும் மேலே வந்தார்கள். வந்ததும் முதல் வேலையாக, யாருடைய முறை தவறு என்று வல்லத்தைப் பிடித்துக்கொண்டே வாதாடினார்கள்.

இரண்டு முறையும் சரிதான், தனித்தனியாக. ஒரே கருவி, ஒரே முறை என்று அந்தக் குகைக் குழு அவ்வளவு கறாராக இருந்ததற்குக் காரணமே இப்படி ஒன்று நடக்கக் கூடாது என்பது. நம் கரையில் எல்லோருக்கும் ஒரே கருவி கிடைக்காது. வாடகைக்கு எது வருகிறதோ அதுதான். அப்படியிருக்க, கறாராக இருக்க வேண்டியது இறங்குமுன் நடக்கும் சோதனையில். உன் காற்று எங்கே, எனக்கு எதைக் கொடுப்பாய், உன்னை எப்படிக் கழற்றுவது? மூன்று கேள்வி, ஒரு முறை கையால் தொட்டுக் காட்டல். முத்துக்குளித்த காலத்தில் கல்லோடு இறங்குகிறவனுக்கும் மேலே கயிறு பிடிப்பவனுக்கும் கயிற்றின் ஒவ்வோர் இழுப்புக்கும் பொருள் தெரிந்திருந்தது. காற்றுப்பையும் ரெகுலேட்டரும் இல்லாத அவர்களிடம் இருந்தது எங்களிடம் அன்று இல்லை. இப்போது எங்கள் வல்லத்தில் எஞ்சின் ஓடும்போதே இது கட்டாயம். இணை போடுவதும் கட்சி கலந்துதான், வேண்டுமென்றே. முதலில் முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் வருவதை நிறுத்தினார்கள், அது அவர்கள் விருப்பம்.

ஜாக்கெட்டை விற்காததற்குக் காரணம் இதுதான்: புதிதாக வருகிறவரோடு இறங்கும்போது அவருக்குப் பழக்கமான அமைப்பிலேயே நானும் இருக்கிறேன். ஆண்டில் சில நாள் மட்டும் இறங்குகிறவர், வாடகைக் கருவியை நம்பியிருப்பவர், தோள்வலிக்காரர் ஆகியோர் தகடு வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை மிதப்புப் பயிற்சிக்குக் கொடுக்கலாம், எந்தப் பள்ளியில் என்றாலும் சரி. அடிக்கடி இறங்குகிறவர், சொந்தமாகப் பழுது பார்க்க விரும்புகிறவர் வாங்கலாம். வாங்கும்போது நாடாவை ஓரடி கூடுதலாகக் கேளுங்கள், நம் உடம்புக்கு அளவு சரிசெய்ய அது வேண்டும். திருகுகள் துருப்பிடிக்காத எஃகுதானா என்று காந்தத்தை வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள், நல்ல எஃகிலும் சிலசமயம் லேசாக ஒட்டும். ஒரு வாரம் உப்பு நீரில் போட்டுப் பாருங்கள்.