கேஷ்பேக் எஸ்பிஐ கார்டு: இரண்டு ஆண்டு காத்திருந்து விண்ணப்பித்த கணக்கு

கேஷ்பேக் எஸ்பிஐ கார்டு என்ற கிரெடிட் கார்டு 2022 செப்டம்பரில் அறிமுகமானபோதே அதை வாங்கலாமா என்று யோசித்தேன். விண்ணப்பித்தது 2024 ஆகஸ்டில்தான். கார்டின் சலுகைகளைப் பட்டியலிடும் மதிப்புரைகள் ஏராளமாக இருப்பதால், எந்த மாதத்தில் விண்ணப்பித்தால் அது ஆதாயம் தரும் என்ற ஒரே கேள்வியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கார்டின் அமைப்பு எளிமையானது. எந்த இணையக் கடையில் வாங்கினாலும் 5 சதவீதமும், நேரில் சென்று வாங்கினால் 1 சதவீதமும் பணமாகவே திரும்பக் கிடைக்கும். புள்ளிகளைச் சேர்த்து, அவற்றின் மதிப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. மாதாந்திர பில் வந்த இரண்டொரு நாளில் தொகை கார்டுக் கணக்கிலேயே வரவு வைக்கப்படுகிறது. ஆண்டுக் கட்டணம் ரூ.999, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறக்குறைய ரூ.1,179. ஓராண்டில் இரண்டு லட்சம் ரூபாய் செலவிட்டால் அடுத்த ஆண்டின் கட்டணம் திருப்பித் தரப்படும். வாடகை, எரிபொருள், காப்பீட்டு பிரீமியம், மின்கட்டணம், பள்ளிக் கட்டணம், நகை ஆகியவற்றுக்கு கேஷ்பேக் கிடையாது. கடையிலேயே மாதத் தவணையாக மாற்றிக்கொண்டு வாங்கும் பொருளுக்கும் கிடையாது. ஆக, பெரும்பாலான குடும்பங்களின் பெரிய செலவுகள் தொடக்கத்திலேயே கழிந்துவிடுகின்றன.

என்னிடம் ஏற்கெனவே கட்டணமில்லாத அமேசான் பே ஐசிஐசிஐ கார்டு இருந்தது. பிரைம் உறுப்பினர் என்பதால் அமேசானில் வாங்குபவற்றுக்கு அதிலேயே 5 சதவீதம் வந்துகொண்டிருந்தது. மற்ற இடங்களில்தான் 1 சதவீதம். எனவே புதிய கார்டால் எனக்குக் கூடுதலாகக் கிடைக்கக்கூடியது, அமேசானுக்கு வெளியே உள்ள இணையக் கடைகளில் நான் செலவிடும் தொகையில் 4 சதவீதம் மட்டுமே. அந்த 4 சதவீதம் ரூ.1,179 கட்டணத்தை ஈடுகட்ட வேண்டுமானால், அத்தகைய கடைகளில் ஆண்டுக்குச் சுமார் ரூ.29,500 செலவிட்டாக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வகைச் செலவு வழக்கமாக ரூ.25,000-ஐத் தாண்டுவதில்லை. அதாவது, சாதாரண ஆண்டில் இந்தக் கார்டு எனக்கு நட்டம். விளம்பரத்தில் 5 சதவீதம் என்று பெரிய எழுத்தில் இருப்பது, கையில் வேறு கார்டு எதுவும் இல்லாதவருக்கான கணக்கு.

2024 நவம்பரில் வேறு வீட்டுக்குக் குடிபோவது ஆகஸ்டில் முடிவானது. குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், மெத்தை, கட்டில் என்று எப்படியும் வாங்கியாக வேண்டிய பட்டியல் தயாரானதும் அந்த வாரமே விண்ணப்பித்தேன். பண்டிகைக்கால விற்பனை செப்டம்பர் இறுதியில் தொடங்கும் என்பதால் ஒரு மாத அவகாசம் தேவைப்பட்டது. கார்டு பன்னிரண்டாம் நாள் வந்து சேர்ந்தது. விற்பனை தொடங்கிய பிறகு விண்ணப்பித்துவிட்டு, கூரியர்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு நாள், மாதாந்திர பில் போடப்படும் பில் தேதி. ஒரு பில் சுழற்சிக்குள், அதாவது ஒரு பில் தேதியிலிருந்து அடுத்தது வரை, கிடைக்கும் கேஷ்பேக்குக்கு முதலில் ரூ.10,000 என்றிருந்த உச்சவரம்பை 2023 மே முதல் ரூ.5,000 ஆகக் குறைத்துவிட்டார்கள். நான் வாங்கிய காலத்தில், 5 சதவீத விகிதத்தில் அது ஒரு லட்ச ரூபாய்ச் செலவோடு தீர்ந்துவிடும். எங்கள் பட்டியலின் மொத்தம் ரூ.1,36,000. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்கியிருந்தால், வரம்பைத் தாண்டிய ரூ.36,000-க்கு ஒரு காசும் கிடைத்திருக்காது. எனக்குப் பில் தேதி 12 என்று அமைந்ததால், செப்டம்பர் இறுதியில் ரூ.84,000-க்கும், அக்டோபர் 13-க்குப் பிறகு ரூ.52,000-க்கும் வாங்கினோம். முறையே ரூ.4,200, ரூ.2,600 வந்தது. பில் தேதிக்கு மறுநாள் வாங்கினால், பணம் கட்டவேண்டிய கடைசி நாள் வரையான வட்டியில்லாக் காலமும் ஏறக்குறைய ஐம்பது நாள் வரை நீள்கிறது. கட்டில் அப்படித்தான் வந்தது.

வந்த ரூ.6,800-இல் கட்டணத்தைக் கழித்தால் ரூ.5,621. இதே பொருட்களைப் பழைய கார்டில் வாங்கியிருந்தால், அமேசானில் வாங்கிய ரூ.58,000-க்கு ரூ.2,900-உம் மற்ற ரூ.78,000-க்கு ரூ.780-உமாக ரூ.3,680 கிடைத்திருக்கும். ஆகவே, இவ்வளவு திட்டமிடலுக்குப் பிறகு எனக்கு மிஞ்சிய உண்மையான ஆதாயம் ரூ.1,941. விற்பனையின்போது எஸ்பிஐ கார்டுகளுக்குக் கிடைத்த உடனடித் தள்ளுபடியை இதில் சேர்க்கவில்லை. அது எந்த எஸ்பிஐ கார்டுக்கும் உரியது. வீட்டு மளிகையையும் சேர்த்து அந்த ஆண்டில் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டதால், இரண்டாம் ஆண்டின் கட்டணம் திரும்பி வந்தது.

காலம் தவறி வாங்கிய அனுபவமும் எனக்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வணிக வளாகம் ஒன்றில், ஒரு பயணப்பைக்கு ஆசைப்பட்டு, பெயர் வேண்டாம், ஒரு வங்கியின் கார்டுக்குக் கையெழுத்திட்டேன். முதல் தொண்ணூறு நாளில் குறிப்பிட்ட தொகையைச் செலவிட்டால்தான் வரவேற்புப் புள்ளிகள் என்பது பின்னால் தெரிந்தது. செலவே இல்லாத மாதங்கள் அவை. புள்ளியும் வரவில்லை, கட்டணமும் போனது. பையின் சக்கரம் முதல் பயணத்திலேயே கழன்றது.

காத்திருப்பதற்கும் விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. இந்தக் கார்டையே 2023 மார்ச்சுக்குள் வாங்கியவர்களுக்கு முதலாண்டுக் கட்டணம் இல்லை. அதை நான் இழந்தேன். ஆக்சிஸ் மேக்னஸ் கார்டில் மாதம் ஒரு லட்சம் செலவிட்டால் 25,000 புள்ளிகள் என்றிருந்த சலுகை 2023 செப்டம்பரில் நிறுத்தப்பட்டு, ஆண்டுக் கட்டணமும் ரூ.10,000-இலிருந்து ரூ.12,500 ஆனது. புதிய கார்டுகள் வழங்க ரிசர்வ் வங்கி தடை விதித்ததால், எச்டிஎஃப்சி வங்கியில் 2020 டிசம்பர் முதல் 2021 ஆகஸ்ட் வரையிலும், கோட்டக் மகிந்திரா வங்கியில் 2024 ஏப்ரல் முதல் 2025 பிப்ரவரி வரையிலும் நினைத்தாலும் விண்ணப்பிக்க முடியவில்லை. ஆயினும், சலுகை குறையப்போகிறது என்ற பேச்சைக் கேட்டு அவசரமாக வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. குறைக்கப்படும்போது அது ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவருக்கும் சேர்த்தே குறைகிறது. மேக்னஸ்காரர்களுக்கு நேர்ந்தது அதுதான். மேலே சொன்ன விகிதங்களையும் விலக்குகளையும் விண்ணப்பிக்கும் அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்ட முடியாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்திவருபவர்களுக்கு எந்த மாதமும் உகந்ததன்று. மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டிய வட்டியின் முன்னால் 5 சதவீத கேஷ்பேக் இரண்டு மாதம்கூடத் தாங்காது. விண்ணப்பித்த பிறகு மனம் மாறினால், கார்டைச் செயல்படுத்தாமல் விட்டுவிடலாம். ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, முப்பது நாளுக்கு மேல் செயல்படுத்தப்படாத கார்டுக்கு வங்கி ஓடிபி மூலம் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதம் தராவிட்டால் ஏழு வேலை நாளில் கட்டணமின்றிக் கணக்கை மூட வேண்டும். ஆனால் விண்ணப்பித்ததற்கான விசாரணைப் பதிவு, கடன் தருபவர்கள் பார்க்கும் நம் கடன் வரலாறான சிபில் அறிக்கையில் அப்போதும் இருக்கும். அடுத்த ஆண்டு வீட்டுக் கடன் கேட்கும் எண்ணம் எங்களுக்கு இருக்கிறது. அந்தக் கடன் கைக்கு வரும்வரை, எந்தக் கார்டு எதைத் தந்தாலும் நான் விண்ணப்பிப்பதாக இல்லை.