காரை எங்கே விட்டுவிட்டு பஸ் ஏறுவது: ஆக்ஸ்போர்டும் சிங்கப்பூரும்

காரை நிறுத்திவிட்டு பஸ்ஸில் நகருக்குள் போகும் 'பார்க் அண்ட் ரைடு' நிறுத்தம் என்றாலே எத்தனை வண்டி நிற்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது நெரிசலுக்கு முன்னால் இருக்கிறதா, நெரிசலைக் கடந்த பிறகா என்று யாரும் கேட்பதில்லை. ஏறக்குறைய ஒரே காலத்தில் இதைச் செய்து பார்த்த இரண்டு ஊர்களின் கதையே வேறாகப் போனது அதனால்தான்.

ஆக்ஸ்போர்டில் 1973-இல் ரெட்பிரிட்ஜ் நிறுத்தம் வந்தது. ஊரைச் சுற்றும் வட்டச்சாலையை ஒட்டிய இடம். உள்ளே போகப் போகத்தான் நெரிசல். அதற்குள் சிக்கும் முன்பே காரை விட்டுவிடலாம். நகர மையத்தில் நிறுத்த இடமும் குறைவு, கட்டணமும் அதிகம். பஸ்ஸுக்கு ஆங்காங்கே தனித்தடம் உண்டு. இன்று ஊரைச் சுற்றி ஐந்து நிறுத்தங்கள் இயங்குகின்றன.

சிங்கப்பூரில் 1975 ஜூனில், காலை நெரிசல் நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் காருக்கு நாளுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) உரிமக் கட்டணம் வைத்தார்கள். கட்ட விரும்பாதவர்களுக்காக அந்த வட்டாரத்தின் விளிம்பிலேயே நிறுத்தங்களும் இணைப்பு பஸ்களும் ஏற்பாடு செய்தார்கள். நிறுத்தங்கள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. விளிம்பு வரை ஓட்டி வந்தவருக்குப் பயணம் முக்கால்வாசி முடிந்துவிட்டதே, கடைசிக் கொஞ்சத்துக்கு எதற்கு இறங்கி ஏற வேண்டும்? அப்போது நாலு பேர் சேர்ந்து வந்தால் உரிமம் தேவைப்படவில்லை. ஏழரைக்கு முன் நுழைந்தாலும் தேவைப்படவில்லை. பஸ்ஸுக்குத் தயாரானவர் வீட்டு வாசலிலிருந்தே ஏறிவிட்டார். கட்டணத் திட்டம் என்னவோ வென்றது. காலையில் உள்ளே வரும் கார்கள் வெகுவாகக் குறைந்தன.

ஆக்ஸ்போர்டு முறையிலும் ஒரு குறை உண்டு, அது சின்னதல்ல. கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவர்களில் சிலர் நிறுத்தம் வரை காரில் வரத் தொடங்குவார்கள். கிராமத்து பஸ்ஸில் கூட்டம் குறையும், அப்புறம் பஸ்ஸும் குறையும். கார் இல்லாதவர்தான் அதில் மாட்டிக்கொள்வார்.

ஆனாலும் இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு ஆக்ஸ்போர்டுக்கே. நம் ஊரில் செய்வதானால் அளவை மாற்ற வேண்டும். வண்டி உள்ளே வந்து திரும்பும் வழியும் சேர்த்து ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் தேவை. அதே இடத்தில் எட்டு, பத்து இருசக்கர வண்டிகள் தாராளமாக நிற்கும். பஸ் நிற்கும் இடத்துக்கு அருகிலேயே, கூரையின் கீழ், அவற்றுக்குத்தான் முதல் இடம் தர வேண்டும். கார்கள் அதற்குப் பின்னால் நிற்கட்டும்.