துவாலாங் மரத்தைக் கெடுத்த பச்சை

தாலோ பச்சை என்ற, நீலச் சாயல் கொண்ட அடர்பச்சை அக்ரிலிக் வண்ணக் குழாய் விலை இறங்கியிருக்கிறது, "அண்ணே, வாங்கலாமா?" என்று தோட்டத்து நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். மூன்று வருடமாக அதனோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. அது முடிகிற இடத்தில் காடு. ஓய்வு பெற்ற பிறகு கேன்வாஸில் நான் வரைவது அந்தக் காட்டை மட்டும்தான். செம்பனை வரைய வேண்டுமானால் இந்தக் குழாயே போதும், கொஞ்சம் மஞ்சள் சேர்த்தால் மட்டை தயார். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரத்துக்கும் ஆலையில் பிறந்த பச்சைக்கும் பத்துப் பொருத்தமும் உண்டு. இந்த மண்ணின் மரங்களிடம்தான் இதன் பருப்பு வேகாது.

பெரிய எரிச்சல் இதன் பேராசை. குண்டூசித் தலையளவு தொட்டாலும் ஒரு கரண்டி வெள்ளையை விழுங்கிவிடும். துவாலாங் எங்கள் காட்டின் மிக உயரமான மரம்; அதன் அடிமரம் வெளிறிய சாம்பல் நிறம், வழுவழுப்பு. கரடியால் ஏற முடியாது என்பதால்தான் மலைத்தேனீ அங்கே கூடு கட்டுகிறது என்பார்கள். இரண்டு வாரம் உட்கார்ந்து அந்தச் சாம்பலைக் கொண்டுவந்தேன். வேரோரம் பாசி காட்டலாமே என்று தூரிகை நுனியால் ஒரு தொடு. அவ்வளவுதான், துவாலாங் மருத்துவமனைச் சுவராகிவிட்டது. கழுவிய தூரிகையிலும் அது ஒளிந்திருந்து மறுநாள் மேகத்தில் தலை காட்டியது.

போதாததற்கு, ஈரத்தில் சரியாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் ஒரு படி கறுக்கும். இது பெரும்பாலான அக்ரிலிக்குக்கும் உள்ள குணம். அதன் பசை ஈரத்தில் பால்போல் வெளுத்திருந்து காய்ந்தால் தெளிந்துவிடுகிறது. ரப்பர் மரத்து மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) வெள்ளையாக விழுந்த பால் உறைந்து ஒட்டுப்பாலாகி நிறம் மாறுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கே இது பிடிபட ஒரு வருடம் ஆனது.

ஆனாலும் பழி மட்டும் சொல்லக்கூடாது. ஒருநாள் கோபத்தில் இதன் தலையில் அலிசரின் சிவப்பைப் பிதுக்கினேன். காட்டுக்குள் பத்தடி தள்ளித் தெரியும் இருட்டு, அப்படியே தட்டில் கிடந்தது! கறுப்புக் குழாயை அன்றோடு மூடிவிட்டேன். சிவப்பை இன்னும் கூட்டி, மஞ்சளும் வெள்ளையும் கலந்தால் கொழுந்து கிடைக்கிறது. நம் காட்டு மரங்கள் பலவும் பச்சையாகத் துளிர்ப்பதில்லை, செம்பு நிறத்தில்தான் துளிர்க்கின்றன. இவ்வளவு நாள் பார்த்தும் அதை நான் கவனித்தது இந்தக் கலவைக்குப் பிறகுதான். வெயில் விழும் திண்ணைச் சுவரில் மாட்டிய படத்தில் கேன்வாஸின் ஓரம் பூஞ்சை பிடித்துவிட்டது, பச்சை மட்டும் இம்மியும் வெளுக்கவில்லை.

எனவே, தம்பி, வாங்காதீர்கள். விலை இறங்கி என்ன பயன்? 75 மில்லி குழாயில் மூன்று வருடத்தில் எனக்குப் பாதிகூடத் தீரவில்லை. மூடி வேறு இறுகிப்போய், குறடு போட்டுத்தான் திறக்கிறேன். மூடியுள்ள சின்ன டப்பா ஒன்று கொண்டுவாருங்கள், பிதுக்கித் தருகிறேன். வெள்ளைச் சட்டையில் மட்டும் வரவேண்டாம்.