டவர் பிரிட்ஜ்: கண்ணாடித் தரையை விடுங்கள், இன்ஜின் ரூமைப் பாருங்கள்

லண்டன் டவர் பிரிட்ஜுக்கு உள்ளே போய்ப் பார்க்க டிக்கெட் எடுக்கலாமா? தாராளமாக எடுக்கலாம். ஆனால் எல்லோரும் போட்டோ போடுகிற கண்ணாடித் தரைக்காக அல்ல. 2014-இல் போட்ட தரை அது. தேம்ஸ் ஆற்றுக்கு 42 மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு காலுக்கு அடியில் பஸ் போவதைப் பார்க்கலாம். நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடும்.

அந்தத் தரை இருப்பது பாலத்தின் இரண்டு கோபுரங்களையும் உயரத்தில் இணைக்கும் மேல் நடைபாதையில். அதன் பழைய கதைதான் சுவையானது. கீழே சாலை நடுவில் பிரிந்து இரண்டு இறக்கைகளாக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும். அப்படிப் பாலம் திறந்திருக்கும்போது ஆட்கள் காத்திருக்க வேண்டாமே என்று கட்டினார்கள். ஜனங்களோ அவ்வளவு படி ஏறுவதற்குக் கீழேயே நின்று கப்பலை வேடிக்கை பார்க்கலாம் என்று இருந்துவிட்டார்கள். 1910-இல் இழுத்து மூடியாயிற்று. மறுபடி திறந்தது 1982-இல், கண்காட்சியாக.

வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ பழங்காலக் கோட்டை. உண்மையில் 1886-இல் வேலை தொடங்கி 1894-இல் திறந்த பாலம் இது. பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் எஃகுச் சட்டங்கள். கல் வெறும் போர்வை. பக்கத்தில் இருக்கும் லண்டன் டவர் கோட்டையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகப் போர்த்தியது.

சரி, இன்ஜின் ரூமுக்கு வருவோம். அது தென்கரையில் தனியாக இருக்கிறது. கிரேன் ஹைட்ராலிக்ஸ், அதாவது திரவ அழுத்தத்தால் இயங்கும் பாகங்கள், ரிப்பேர் பார்க்கிறவன் நான். அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை. நிலக்கரி எரித்து, நீராவியால் பம்பை ஓட்டி, தண்ணீரை அழுத்தி, அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டருக்குள் ஏற்றிவிடுவார்கள். மேலே பெரிய எடை உட்கார்ந்து அந்த அழுத்தத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கும். கப்பல் வந்ததும் வால்வைத் திறந்தால் போதும், இன்ஜின் வேகம் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். தூக்குகிற இறக்கை ஒவ்வொன்றும் ஆயிரம் டன்னுக்கு மேல்! பின்பக்கம் எதிர்எடை இருப்பதால்தான் இது சாத்தியம். 1970-கள் வரை இப்படியே ஓடியது. இப்போது எண்ணெயும் மின்சாரமும்.

1952-இல் ஒரு 78-ஆம் நம்பர் பஸ் பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே இறக்கை எழும்பத் தொடங்கிவிட்டது. டிரைவர் வேகத்தைக் கூட்டி, இன்னும் எழாத மறுபக்கத்துக்குத் தாவிவிட்டார். அவருக்குக் கிடைத்த பரிசு 10 பவுண்டு. என்னைக் கேட்டால் ரொம்பக் குறைவு.

போகிறவர்கள் பாலம் தூக்கும் நேரத்தை டவர் பிரிட்ஜ் இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அதைக் கரையில் நின்றே பார்க்கலாம், டிக்கெட் வேண்டாம். முட்டி வலி இருந்தால் கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு. நேரம் குறைவென்றால் மேலே சீக்கிரம் முடித்துவிட்டு இன்ஜின் ரூமுக்கு இறங்கிவிடுங்கள்.