பழைய காரில் பெரிய எஞ்சின் மாட்டப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

என் பழைய 1.3 லிட்டர் காருக்கு 2 லிட்டர் எஞ்சின் மாட்டித் தருவதாக ஒரு பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டார். "அப்படியே உட்காரும் சார், 10 நாள் வேலை" என்றார். வண்டி கைக்கு வர 5 மாதம் ஆனது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வந்த வண்டி இருந்த லட்சணத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதல் ஏற்றத்திலேயே வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. பானட்டைத் திறந்தால் பழைய ரேடியேட்டர் அப்படியே இருக்கிறது. எஞ்சின் பெரிதானால் சூடும் கூடும், ரேடியேட்டரும் பெரிதாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கிளட்சும் பழையதுதான், பெரிய எஞ்சினின் இழுவையைத் தாங்காமல் வழுக்குகிறது, மூன்றாவது கியரில் அழுத்தினால் சத்தம் மட்டும் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டை வெட்டி வெல்டிங் வைத்ததில் எஞ்சின் சாய்ந்து நின்று, சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கெட்டு, கொஞ்சம் வேகம் எடுத்தாலே ஸ்டீயரிங் வரை நடுங்கியது. முன்பக்கம் எடை கூடியிருக்கிறது, இழுவை கூடியிருக்கிறது, ஆனால் ஸ்பிரிங்கையும் பிரேக்கையும் அவர் தொடவே இல்லை. அந்த வண்டியில் என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன், நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கச் சொன்னேன். மூன்று சிலிண்டரில் 170 பிஎஸ்ஐ பக்கம், நான்காவதில் வெறும் 95, அந்தச் சிலிண்டர் அழுத்தத்தைப் பிடிக்கவே இல்லை. அதிகம் ஓடாத எஞ்சின் என்று சொல்லி என் தலையில் கட்டியது இதைத்தான். பெரிய வேலையில்லை இந்தச் சோதனை, பணம் கொடுப்பதற்கு முன்பே என் கண்ணெதிரில் செய்யச் சொல்லியிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. எஞ்சின் வெளியே இருக்கும்போதே பின்பக்க கிராங்க் ஆயில் சீல் (கியர்பாக்ஸ் பக்கம் எஞ்சின் ஆயில் ஒழுகாமல் தடுக்கும் வளையம்), டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றிவிடுவதுதான் முறை, ஏனென்றால் மாட்டிய பிறகு அந்த சீல் ஒழுகினால் கியர்பாக்ஸையே இறக்கியாக வேண்டும். எனக்கு ஒழுகியது. பில்லில் மூன்றையும் மாற்றியதாக எழுதிப் பணமும் வாங்கியிருக்கிறார்!

அப்புறம்தான் பெரிய இடி. ரசீதில் அவர் எழுதிக் கொடுத்த எஞ்சின் எண் ஒன்று, எஞ்சினின் உடலான பிளாக்கில் குத்தியிருப்பது வேறொன்று. அது எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று எனக்குத் தெரியாது, கேட்கலாமென்றால் அவர் போனையே எடுப்பதில்லை. பதிவுச் சான்றில் எதை ஏற்றச் சொல்லி நான் போய் நிற்பது? நாளைக்கு ஒரு விபத்து என்றால் காப்பீட்டுக்காரர்கள் கைவிரிக்க இதுவே போதும். வண்டியை ஓரங்கட்டிவிட்டேன்.

முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்றைக்கே பட்டறைக்குப் போய், மாட்டுவதற்கு முன்பு பிளாக்கில் உள்ள எண்ணைப் போட்டோ எடுத்து ரசீதோடு வைத்துப் பாருங்கள்.