பயிர் நிவாரணம்: பட்டியலைப் பார்க்காமல் பணத்துக்குக் காத்திருக்காதீர்கள்

2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில், அறுவடைக்கு நின்ற எங்கள் சம்பா நெல் மூன்று ஏக்கரும் சாய்ந்து கதிரிலேயே முளைவிட்டது. ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் இடுபொருள் (விதை, உரம் போன்றவற்றுக்கான) நிவாரணம் என்று தமிழக அரசு அறிவித்தபோது, சாகுபடிச் செலவுக்கே காணாது என்றாலும் உரக்கடை பாக்கியையாவது அடைக்கலாம் என்று நம்பினோம். அதில் நான் ஏமாந்த விதத்தைக் கடைமடைப் பகுதி விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கணக்கெடுக்க வந்தவர்கள் வயலில் இறங்கவில்லை. 33 சதவீதமாவது சேதம் இருந்தால்தான் நிவாரணம் என்பதால், முளைத்த கதிர்களைப் பிடுங்கிக்கொண்டு வரப்புக்கு ஓடிக் காட்டினேன். "எழுதியாச்சு, போங்க" என்றார்கள். என்ன எழுதினார்கள் என்று கேட்காதது என் முதல் தவறு. கிராம நிர்வாக அலுவலகத்தில் எடுபிடியாக இருந்த ஒருவரிடம் சிட்டா (நில உரிமை விவரம்), அடங்கல் (சாகுபடிப் பதிவு), ஆதார், வங்கிப் புத்தக நகல்களோடு, நிவாரணம் பெறுவோர் பட்டியலில் ஏற்றுவதற்கென்று 500 ரூபாய் கொடுத்தது இரண்டாவது தவறு. அப்படியொரு கட்டணமே கிடையாது. ரசீது கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

வங்கிக் கணக்கில் ஏறியது 4,300 ரூபாய். சிட்டாவின்படி எங்கள் நிலம் 1.21.5 ஹெக்டேர் (1.215 ஹெக்டேர் என்பதை அப்படித்தான் எழுதுவார்கள்), அதாவது 24,300 ரூபாய் வந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் விசாரித்தபோது, மேலே போட்டது அவ்வளவுதான் என்றார்கள். பட்டியலைக் கேட்டபோது, மற்றவர்களின் விவரத்தைக் காட்ட முடியாது என்றார்கள். ஆனால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையையும் பயனாளிகளின் விவரத்தையும் யாரும் கேட்காமலேயே அலுவலகம் வெளியிட வேண்டும் என்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தேன். 30 நாள் கடந்தும் பதில் இல்லாததால் மேல்முறையீடு செய்தேன். அதன் பிறகே பட்டியல் தபாலில் வந்தது.

என் பெயர் சரியாக இருந்தது, சர்வே எண்ணும் சரியாக இருந்தது. பரப்பில் மட்டும் முன்னால் இருந்த ஒன்று பூஜ்யமாகி, 0.21.5 என்று நின்றது. கை தவறியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். நான்கு வரி கீழே, பல ஆண்டுகளாகக் கருவை மண்டிக் கிடக்கும் தரிசு ஒன்று முழுச் சேதமடைந்த நெல் வயலாகப் பதிவாகியிருந்ததைப் பார்த்ததும் அந்த நம்பிக்கை போய்விட்டது. அந்தப் பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லாததால், யாரையும் திருடன் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பட்டியலை ஒரு வாரம் ஊராட்சிச் சுவரில் ஒட்டியிருந்தால், அந்த வழியாக மாடு ஓட்டிப்போகும் எவரும் அந்த வரியைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்று மட்டும் சொல்வேன்.

விவசாயிகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை தரும் பிரதமர் கிசான் திட்டத்தின் பயனாளிகளைக் கிராம வாரியாக இணையத்தில் எவரும் பார்க்க முடியும். அப்படியிருந்தும் 2020இல் தமிழகத்தில் தகுதியில்லாதவர்கள் கணக்கில் சுமார் 110 கோடி ரூபாய் ஏறி, சிபிசிஐடி விசாரணை வரை போனது. திறந்து கிடக்கும் பட்டியலுக்கே அந்தக் கதி என்றால், பீரோவில் பூட்டிய பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, கணக்கெடுப்பு நடக்கும் அன்றே சர்வே எண்ணும் பரப்பும் எப்படிப் பதிவாகின்றன என்று கேட்டுக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும் முன்பே திருத்தக் கேளுங்கள். கிராம சபை நெருங்கினால் அதை வாசிக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். குத்தகைக்குப் பயிரிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் அடங்கலில் சாகுபடியாளர் பெயர் ஏறாவிட்டால் பணம் பட்டாதாரருக்கே போய்விடும்.

மீதி 20,000 ரூபாய்க்கு நான் மூன்று மனுக்கள் கொடுத்தேன். அந்த ஆண்டின் கணக்கு முடிக்கப்பட்டுவிட்டது என்பதே கடைசியாகக் கிடைத்த பதில்.